பேச்சை நிறுத்தின வீடு

சன்னல் ஓரத்தை எனக்குக் கொஞ்சம் விட்டுத் தாரீகளா, மைனி? கோவிச்சுக்கிடாதீக. காத்துக்காகக் கேக்கல. ரோட்டைப் பாத்துக்கிட்டே போகணும், அதுக்குத்தான். தொண்டை இப்படிக் கரகரங்குதேன்னு தள்ளி உக்காராதீக, சீக்கு கீக்கு ஒண்ணுமில்ல. முந்தாநாள் சாயங்காலத்துல இருந்து கத்திக்கிட்டே அலையுதேன். வண்டி எங்க நின்னாலும் தலையை வெளிய நீட்டிக் கூப்பிடுவேன், நீங்க பாட்டுக்கு இருங்க. கண்டக்டர் தம்பிக்குப் பழகிட்டு. வள்ளியூருக்கும் திசையன்விளைக்குமா இந்தப் பொம்பள எத்தனை தடவை போய்வாரான்னு அவர்ட்டயே கேளுங்க.

பிள்ளையைக் காணோம். ஒம்பது வயசு. பேரு ஹரிணி. ஒல்லியா, இந்தக் கம்பி ஒசரம் இருப்பா. காலுல செருப்பு இருக்காது. வெள்ளையில முழு அங்கி, கழுத்தைச் சுத்தி நீலப் பட்டி. நீங்க எங்கயும் பாத்தீகளா? பாக்கலையா. சரி. அது அங்கிகூட இல்ல மைனி, எங்க தையல் மெஷினுக்குப் போட்டிருந்த உறை. பிள்ளை ஏன் மெஷின் உறையை மாட்டிக்கிட்டுப் போச்சுன்னு போலீஸ்காரரும் இப்படித்தான் முழிச்சாரு. சொல்லுதேன், மொதல்ல இருந்து சொன்னாத்தான் வெளங்கும்.

பெத்த பிள்ளை இல்ல. வளக்கக் குடுத்த பிள்ளை. இதைச் சொன்ன ஒடனே எல்லார் மூஞ்சியும் ஒரு மாதிரி ஆயிருது. உங்க மூஞ்சியும்தான். பரவாயில்ல, ஊர் வாயை மூட ஒலைமூடி உண்டா? ஆனா ஒண்ணு கேட்டுக்கிடுங்க. பெத்தவளைவிட ஒரு படி மேல பாத்தேன். எங்க வளவுல ஏழு வீடு இருக்கு, யாரை வேணும்னாலும் கேளுங்க, டெய்லர் கோலம்மை அந்தப் பிள்ளையை எப்படி வச்சிருந்தான்னு.

தேரிக்காட்டுக்குள்ள மீதிச்சபைன்னு ஒரு கூட்டம் இருக்குல்லா? நீங்க இந்தப் பக்கம்தானே, கேள்விப்பட்டிருப்பீக. ஒலகம் அழியையில அவுக மட்டும்தான் மீதி இருப்பாகளாம். செம்மணலுக்கு நடுவுல பனமட்டை வேலி கட்டி உள்ளயே கெடக்காக. ஆணு பொண்ணு எல்லாருக்கும் வெள்ளை அங்கி. பள்ளிக்கூடம் கெடையாது, போட்டோ கெடையாது, ஆஸ்பத்திரி கெடையாது. காய்ச்சல் வந்தா முழங்கால் போடணும், அவ்வளவுதான். நம்ம ஊர் சர்ச்சுக்குப் போற வேதக்காரங்களே அவுகளைக் கண்டா ஒதுங்கிப் போவாக. அங்க காய்ச்சல்ல ரெண்டு மூணு பேரு செத்து, விஷயம் வெளிய வந்து, சர்க்கார்ல இருந்து போய் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளை மட்டும் கூட்டிட்டு வந்தாக. எங்களுக்குப் பிள்ளை இல்ல. எழுதிக் குடுத்து வருசக்கணக்கா காத்துக் கெடந்தோம். ஒருநாள் குழந்தைகள் நல ஆபீஸ் மேடம் ஜீப்புல வந்து எறங்குனாக, பின்னாலயே இவ. கண்ணு மட்டும்தான் மூஞ்சியில இருந்துச்சு. எனக்கு அழுகை வந்துட்டு, மைனி. சாமி குடுத்த கொடைன்னு நெனச்சேன்.

அந்த மேடம் ரெண்டு மணி நேரம் புத்தி சொன்னாக. அவ பழக்கவழக்கத்தை எல்லாம் கேட்டுத் தெரிஞ்சுக்கிடுங்க, அவசரப்படாதீங்க, பேரை மாத்தாதீங்க. அவுகளுக்கென்ன, சொல்லிட்டு ஜீப்புல ஏறிப் போயிருவாக. வளக்கப்போறது நான்லா?

அந்த அங்கியை மறுநாளே கழத்திட்டேன். கவுன் தச்சேன், பாவாடை சட்டை தச்சேன், கை வச்சு, கை வைக்காம, எல்லா மாடலும். நல்ல கட்டித் துணி அந்த அங்கி, தூரப் போட மனசு வரல. கழுத்தை மூடித் தச்சு, மேல நீலப் பட்டி ஓட்டி, மெஷினுக்கு மாட்டிட்டேன். அவ மெஷினைக் கடந்து போறப்பல்லாம் அதைத் தொட்டுட்டுப் போவா.

பேரு? பேருதான் ஹரிணின்னு சொன்னேம்லா. அங்க வச்ச பேரு ஒண்ணு இருந்துச்சு. அது எதுக்கு இப்ப. அந்தப் பேரைச் சொன்னா அந்தக் கூட்டத்தையே வீட்டுக்குள்ள வான்னு கூப்பிட்ட மாதிரி. நான் அதுக்கு ஒரு வழி பண்ணேன். வளவுல எல்லாருட்டயும் சொல்லி வச்சேன், அவ போறப்ப வாறப்ப பழைய பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க, திரும்பலைன்னா முட்டாய் குடுங்க, திரும்புனா அன்னைக்கு முட்டாய் கெடையாதுன்னு. மொதல்ல சட்டுசட்டுன்னு திரும்புவா, நாங்க எல்லாம் சிரிப்போம். பெறகு பழகிட்டா. ஒருநாள் அவ கொடியில துணி போட்டுக்கிட்டு இருந்தா, நானே பின்னால போய் நின்னு அந்தப் பேரைச் சொன்னேன். அப்படியே நின்னா. தோள்பட்டை ரெண்டும் வெறச்சுது. திரும்பல. ஓடிப் போய் கட்டிப்பிடிச்சு முத்தம் குடுத்தேன். யாரு வந்து அந்தப் பேரைச் சொன்னாலும் திரும்பக் கூடாது, உங்க சபையே வந்து நின்னாலும் திரும்பக் கூடாதுன்னேன். சரின்னு தலையை ஆட்டுனா. சொன்ன பேச்சு தட்டாத பிள்ளை மைனி, அதை மட்டும் நான் எங்க வேணும்னாலும் சொல்லுவேன்.

வேலையும் அப்படித்தான். தையல் பிரிக்கச் சொல்லிக் குடுத்தேன். துணி கிழியாம, நூலை ஒவ்வொண்ணா ஊசி மொனையில தூக்கித் தூக்கி எடுப்பா பாருங்க, பெரியவுகளுக்கே அந்தப் பொறுமை வராது. மத்தியானம் நான் மெஷினை மிதிப்பேன், அவ காலடியில உக்காந்து பிரிப்பா. அப்பத்தான் ஏதாவது பேசுவா. ஒருநாள் அவ அப்பனைப் பத்திச் சொன்னா.

அவ ஆத்தாளுக்குக் காய்ச்சல் முத்திப் போச்சாம். அப்பன் தாங்காம, பொண்டாட்டியைத் தோளுல தூக்கிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குக் கெளம்பியிருக்கான். வேலியிலயே மறிச்சிட்டாக. அவ செத்துட்டா. அன்னைக்குல இருந்து அந்த மனுசன்கூட யாரும் பேசல. பேசக் கூடாதாம், அதுதான் அங்க தண்டனை. அடிக்க மாட்டாக, வைய மாட்டாக, ஆளு ஒருத்தன் நிக்கான்னே பாக்க மாட்டாக. இவளையும் பேசக் கூடாதுன்னுட்டாக. அப்பன் இவ பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டிருக்கான். "நான் பேசல"ங்கா. ரெண்டு நாள் பாத்துட்டு, சபை குடுத்த சாமானையெல்லாம் மடிச்சு வச்சிட்டு, வெறுங்காலோட போயிட்டானாம். போனவன் போனவன்தான்.

எனக்கு வயிறு எரிஞ்சு போச்சு, மைனி. சவத்துக் கூட்டத்துக்கு ஈவிரக்கம் உண்டா? பெத்த பிள்ளைகிட்ட இருந்து ஒரு வார்த்தை கெடைக்காம ஒரு மனுசன் போயிருக்கான். வாயைத் தொறந்து ஒரு வார்த்தை பேசுனா என்ன கொறஞ்சு போகும்? அவகிட்டயே சொன்னேன், இங்க அந்த மாதிரி எல்லாம் கெடையாது பிள்ளேன்னு.

ராதாபுரம் விலக்கா இது? ஒரு நிமிசம் இருங்க. ஹரிணி... ஏட்டி ஹரிணி... இல்ல. அது யாரோ பால்காரர் மக. நீங்க காலை எடுத்துக்கிடுங்க, நான் உக்காருதேன்.

எங்க வீட்டுக்காரக கரண்டு ஆபீஸ்ல லைன்மேன். நெஞ்சுல கோளாறு. மாத்திரைதான் அவுகளுக்கு உசுரு. இவளுக்கு அவுக மேல கொள்ளைப் பாசம். மாமா மாமான்னு பின்னாலயே திரிவா. என்னை ஒண்ணும் கூப்பிட மாட்டா. அம்மான்னு சொல்லு, அம்மான்னு சொல்லுன்னு நானும் சொல்லிப் பாத்தேன். அது மட்டும் வாயில வரல. போன வாரம் நான் அசந்த நேரம் பாத்து, மாத்திரை அம்புட்டையும் உரிச்சு அங்கணத்துல கொட்டித் தண்ணி ஊத்திட்டா. மாத்திரை திங்குத வீட்டுக்குள்ள மரணம் படுத்துக் கெடக்குமாம், அங்க சொல்லிக் குடுத்தது. கொட்டிட்டு, அவுக கட்டிலுக்குக் கீழ முழங்கால் போட்டுக் கண்ணை மூடி உக்காந்திருக்கா. நான் கவனிக்காம போயிட்டேன். மறுநாள் அவுக நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்துட்டாக. ஆட்டோவுல தூக்கிப் போட்டு ஓடுனேன். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா நான் தாலியறுத்திருப்பேன்னாரு டாக்டரு. இப்பத் தேவல. ஆஸ்பத்திரியிலதான் இருக்காக. "பாப்பாவை ஏன் கூட்டியாரல"ன்னு தினமும் கேக்காக. பரீட்சைன்னு சொல்லி வச்சிருக்கேன்.

நீங்களே சொல்லுங்க, வேற ஒருத்தியா இருந்தா என்ன செஞ்சிருப்பா? அடிச்சுத் தோலை உரிச்சிருப்பா. அடியாத மாடு படியாதும்பாக. நான் அந்த மாதிரி ஆளு இல்ல. ஊரான் வீட்டுப் பிள்ளை மேல கையை வைக்கக் கூடாதுன்னு மொத நாளே சத்தியம் பண்ணிக்கிட்டவ. அடிக்கல. வையல. பேசாம இருந்தேன், அவ்வளவுதான். எந்தத் தாய்தான் செய்யல? எங்க அம்மை எங்கிட்ட ஒரு வாரம் பேசாம இருந்திருக்கா. தப்பு செஞ்சது உறைக்கணும்லா. வளவுலயும் சொல்லிட்டேன், ரெண்டு நாளைக்கு யாரும் அவகூடப் பேசாதீக, மூஞ்சி குடுக்காதீக, அப்பத்தான் புத்தி வரும்னு. ஏழு வீட்டுலயும் கேட்டுக்கிட்டாக. என் மேல எல்லாருக்கும் மரியாதை உண்டு.

அன்னைக்குச் சாயந்தரம் அவளுக்குச் சோறு வச்சு மூடி வச்சேன். தொடல. காலையில இட்லி வச்சேன், அதையும் தொடல. வீம்பு பிடிக்கான்னு விட்டுட்டேன். வீட்டுக்குள்ளயும் வரல, வாசப்படிக்கு வெளிய உக்காந்திருக்கா. பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா பிள்ளைகள் அவளைத் தாண்டித் தாண்டி வெளையாடப் போகுது. பெறகு என்ன நெனச்சாளோ, மெதுவா உள்ள வந்தா. என் மர ஸ்கேலை எடுத்து என் மடியில வச்சா. ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு நின்னா. "அம்மா, அடி"ன்னா.

அம்மான்னா, மைனி. அன்னைக்குத்தான் மொதத் தடவை.

எனக்கு உள்ளுக்குள்ள பொங்கிட்டு. அள்ளித் தூக்கணும் போல இருந்துச்சு. ஆனா அப்ப எளகிட்டா பெறகு கையில பிடிக்க முடியாதே. ஒரு ஆளு உசுரோட வெளையாடியிருக்கா. ஸ்கேலை எடுத்துக் கீழ வச்சிட்டு மெஷினை மிதிச்சேன். எவ்வளவு நேரம் நின்னாளோ தெரியல, நான் நிமிந்து பாக்கல. நாளைக்குப் பேசிக்கிடலாம்னு இருந்தேன். சத்தியமா மறுநாள் காலையில பேசணும்னுதான் இருந்தேன்.

அன்னைக்குச் சாயங்காலமே, ஆஸ்பத்திரிக்குச் சோறு குடுத்துட்டுத் திரும்பி வாரேன், வீடு தொறந்து கெடக்கு. கவுனு, பாவாடை, ஜட்டி எல்லாம் மடிச்சு அடுக்கி வச்சிருக்கு. மேல ரிப்பனு, கொலுசு. செருப்பு ரெண்டும் வாசப்படியில சோடி போட்டு. மெஷின் மொட்டையா நிக்கி. கீழ தரையில துண்டு துண்டா நூலு. நான் மூடித் தச்ச கழுத்தைப் பிரிச்சிருக்கா. அவசரத்துல பிய்க்கல, ஒவ்வொண்ணா தூக்கித்தான் எடுத்திருக்கா. வளவுல அத்தனை பேரும் அவ போறதைப் பாத்திருக்காக. ஒருத்தரும் எங்க போறேன்னு கேக்கல. நீதானே பேசாதீகன்ன, அப்படீங்காளுக. கூறு கெட்டவளுக. எதுக்குப் பேசணும் எதுக்குப் பேசக் கூடாதுன்னு தெரியாது?

அந்தச் சபைக்காரங்கதான் தூக்கிட்டாகன்னு நெனச்சேன். வேற யாரு? போலீஸ் போய் வேலிக்குள்ள பூந்து பாத்துட்டு, அங்க இல்லைன்னுட்டாக. பொய் சொல்லுதாகன்னு இன்னைக்குக் காலையில நானே போனேன். தேரி மணலு, கால் பொதைய நடக்கணும். கேட்டைத் தொறக்கல. மட்டை இடுக்கு வழியா ஒத்தக் கண்ணு மட்டும் தெரிஞ்சுது. அவுக தலைவி, மூப்பத்திம்பாக, எழுவது வயசுக் கெழவி. என் பிள்ளையை விடுங்கன்னு கத்துனேன். அதுக்கு அவ ஒரு கேள்விதான் கேட்டா. "நீ அவகூடப் பேச்சை நிறுத்துனியா?"

ஆமா, ரெண்டு நாளைக்குத்தான், அதுக்கென்னன்னேன்.

"உன் ஆளுகளும் நிறுத்துனாகளா?"

நிறுத்துனாகன்னேன்.

"அப்ப இங்க வர மாட்டா. பேச்சை நிறுத்தித் தள்ளி வச்ச ஆளு வேலிக்குள்ள வரக் கூடாது, யாரு வீட்டுப் படியும் ஏறக் கூடாது, யாரு குடுத்தாலும் திங்கக் கூடாது. நடந்துக்கிட்டேதான் இருக்கணும். பேச்சை நிறுத்துன வாயே பேரைச் சொல்லிக் கூப்பிடணும். மத்தவுக யாரு கூப்பிட்டாலும் நிக்க மாட்டா."

கூப்பிட்டுக்கிட்டுத்தானே இருக்கேன், தொண்டை போயிட்டு, ஹரிணி ஹரிணின்னு கத்திக்கிட்டு அலையுதேன்னேன். அதுக்குக் கெழவி சொல்லுதா, "அது நீ குடுத்த பேரு. மத்ததோட சேத்து அதையும் உன் வீட்டுல மடிச்சு வச்சிட்டுத்தான் போயிருப்பா. தண்ணியில முக்கி எடுத்து நாங்க வச்ச பேரு இருக்குல்லா, அதைச் சொல்லிக் கூப்பிடு. கூப்பிடுவியா, தாயி?" அந்த ஒத்தக் கண்ணு கலங்குன மாதிரி இருந்துச்சு. மணலு விழுந்திருக்கும், அங்க எப்பப் பாத்தாலும் காத்துதான்.

நான் வந்துட்டேன். அவ சொன்னா நான் கேக்கணுமா? ஒரு மனுசனைத் துரத்தி விட்ட கூட்டம், எனக்கு வந்து சட்டம் சொல்லுதாக.

இந்த ரோட்டுலதான் மைனி எங்கயோ இருக்கா. நேத்து ஒரு டீக்கடைக்காரரு பாத்திருக்காரு. ஏ பாப்பா, நில்லுன்னு கூப்பிட்டிருக்காரு, நிக்கல. பன்னை எடுத்துக்கிட்டுப் பின்னாலயே போயிருக்காரு, வாங்கல. வெறும் பைப்புத் தண்ணியைக் குடிச்சிட்டுப் போயிட்டாளாம். இந்த வெயிலுல. மூணு நாளா ஒரு பருக்கை எறங்கல அந்த வயித்துல. எனக்குப் பயமா இருக்கு மைனி. ஏதாவது ஒண்ணு ஆயிட்டுன்னா நான் எந்த மூஞ்சியோட ஆஸ்பத்திரிப் படி ஏறுவேன்?

என்ன சொல்லுதீக? அந்தப் பேரைச் சொல்லித்தான் ஒருக்கா பாக்கக் கூடாதான்னா?

நீங்க ரொம்ப லேசாக் கேட்டுட்டீக. அந்தப் பேருக்கு அவ நின்னுட்டான்னா அவ அவுக பிள்ளை. இத்தனை நாள் நான் ஊட்டுனது, உடுத்துனது, தலை வாரிப் பின்னுனது எல்லாம் ஒண்ணுமில்லன்னு ஆயிரும். ஹரிணின்னு கூப்பிட்டு அவ வந்தாத்தான் அவ என் பிள்ளை. எனக்குன்னு இந்த ஒலகத்துல இருக்கது அது ஒண்ணுதான் மைனி. அதை எப்படி நான் விட்டுக் குடுப்பேன்?

பிள்ளை பெருசா, பேரு பெருசாங்கீக. கேப்பீக, கேப்பீக. உங்க வயித்துல பெறந்தது உங்க மடியில ஒறங்குது.

வண்டி எதுக்கு நிக்கி? கரண்டு எடுக்குத காத்தாடி வேலைக்காரங்க எறங்குதாகளா. எறங்கட்டும்.

மைனி.

அந்தா. அந்த ஒடை மரத்துக்கு அந்தப் பக்கம். வெள்ளையா. காத்தாடி நெழலா அது? இல்ல, நடக்கு. கழுத்துல நீலம் தெரியுதா உங்களுக்கு? பாத்துச் சொல்லுங்க, எனக்குக் கண்ணு மசமசங்குது. தெரியுதா? தெரியுதுல்லா? அவதான். அந்த நடை அவ நடைதான். ஹரிணி... ஏட்டி ஹரிணி... அம்மை வந்திருக்கேன் பாரு...

போறா. காதுல விழாம இருக்காது, இந்தா இருக்கு, கல்லெறி தூரம்கூட இல்ல. ஹரிணி... தள்ளாடுதா பாருங்க. போய்க்கிட்டே இருக்காளே. காட்டுக்குள்ள எறங்கிட்டான்னா நான் எங்க போய்த் தேடுவேன்?

சரி. சரி மைனி, சொல்லுதேன். கையைப் பிடிச்சுக்கிடுங்க.

எப்சிபா.

சத்தமே வரல. இருங்க. எப்சிபா... ஏ எப்சிபா...

நின்னுட்டா. மைனி, நின்னுட்டா. பாத்தீகளா, நின்னுட்டா.

திரும்பு ஏட்டி. நான்தான். திரும்பிப் பாரு. ஏன் திரும்ப மாட்டேங்கா? என் குரல்தானே, தெரியாதா அவளுக்கு? தோள்பட்டை வெறச்சு நிக்கி பாருங்க. ரெண்டும். அன்னைக்குக் கொடிக்குப் பக்கத்துல நின்னாளே, அதே மாதிரி.

திரும்ப மாட்டா. எத்தனை கூப்பிட்டாலும் திரும்ப மாட்டா, மைனி. யாரு வந்து அந்தப் பேரைச் சொன்னாலும் திரும்பக் கூடாதுன்னு முட்டாய் குடுத்துப் பழக்கியிருக்கேன்லா.

தம்பி, வண்டியை எடுத்துராதீக. கொஞ்சம் வழி விடுங்க மைனி, நான் எறங்கணும். பயப்படாதீக, நான் போய்ச் சேருத வரைக்கும் அப்படியேதான் நிப்பா. சொன்ன பேச்சு தட்ட மாட்டா, என் பிள்ளை.